குழந்தையின் தலையில் பேன்: ஒரு சனிக்கிழமை தொடங்கிப் பதினேழு நாளில் ஒழிக்கும் வழி

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் சாயங்காலம் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே அழுதாள். அவள் ரிப்பன் பக்கத்தில் பேன் ஊர்வதைப் பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் இவளை மட்டும் எழுப்பிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். அன்று ராத்திரியே கடைக்கு ஓடி பேன் ஷாம்பூ வாங்கிவந்து தேய்த்துக் குளிப்பாட்டினேன். இரண்டு நாள் அவள் தலையைச் சொறியவில்லை, போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் முன்பைவிட அதிகம்.

அந்த வருஷம் இப்படியே நான்கு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் மருந்தைக் குறை சொன்னேன், பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னேன், ஒரு தடவை கோபத்தில் பிள்ளையையும் திட்டிவிட்டேன். கடைசியில்தான் புரிந்தது, நான் தவறவிட்டது நாள் கணக்கை. முதல் நாள் செய்யவேண்டியதைச் செய்தேன், ஒன்பதாவது நாள் செய்யவேண்டியதைச் செய்யவே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நாள் கணக்கைச் சுற்றித்தான் இருக்கும்.

பேனின் கணக்கு

தலைப்பேன் ஒரு எள் அளவுதான், 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால்கள், ஒவ்வொரு காலின் நுனியிலும் முடியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி. அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஒரு தலை இன்னொரு தலையில் படும்போது முடிவிட்டு முடி ஊர்ந்து போகும், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரே புத்தகத்தைக் குனிந்து பார்க்கும்போதும், ஒரே பாயில் படுக்கும்போதும், காதோடு காதாக ரகசியம் பேசும்போதும் பரவுவது இப்படித்தான்.

வளர்ந்த பெண் பேன் ஒரு நாளைக்கு எட்டு முட்டை வரை இடும். அந்த முட்டைதான் ஈர், பேச்சில் ஈரு. உச்சந்தலைத் தோலுக்கு மிக அருகில், முடியின் அடியில், ஒருவிதப் பசையால் ஒட்டிவிடும். 7 முதல் 10 நாளில் ஈர் பொரிந்து குஞ்சு வரும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர இன்னும் 9 முதல் 12 நாள் ஆகும். தலையிலேயே இருந்தால் ஒரு பேன் சுமார் ஒரு மாதம் உயிர் வாழும். தலையைவிட்டு விழுந்தால் குடிக்க ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். முதல் நாள் போடும் மருந்து ஊர்ந்துகொண்டிருக்கும் பேனைக் கொல்லும், ஆனால் ஈரில் நிறையப் பிழைத்துக்கொள்ளும். அடுத்த ஒன்பது பத்து நாளில் அவை பொரியும். பொரிந்த குஞ்சு பெரிதாகி முட்டையிடுவதற்கு முன்னால் நாம் மறுபடி போய்விட வேண்டும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று பழமொழியில் சொல்வார்கள். தலைக்குள் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

படி 1: பேன்தானா என்று உறுதி செய்யுங்கள்

சொறிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பேன் கடிக்கும்போது அதன் எச்சிலுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை பேன் வரும் குழந்தைக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதனால் சொறியாத பிள்ளையின் தலையிலும் பேன் இருக்கும். பேன் ஒழிந்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கும்.

பகல் வெளிச்சத்தில், வாசலிலோ மொட்டை மாடி நிழலிலோ உட்கார வைத்துப் பாருங்கள். முதலில் காதுக்குப் பின்னால், அப்புறம் பிடரி. பேனுக்குப் பிடித்த இடங்கள் இவை இரண்டும்தான். வெளிச்சம் பட்டதும் பேன் வேகமாக ஓடி ஒளியும், எனவே வெறும் கண்ணால் தேடுவதைவிட ஈரத் தலையைப் பேன் சீப்பால் வாரிப் பார்ப்பது நம்பகமானது.

பொடுகையும் ஈரையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. விரலால் தட்டினால் பொடுகு உதிரும், ஈர் அசையாது. நகத்தால் பிடித்து முடியின் நுனி வரை உருவினால்தான் வரும். தோலை ஒட்டி, 6 மில்லிமீட்டருக்குள், பழுப்பு நிறத்தில் இருப்பது பெரும்பாலும் உயிருள்ள ஈர். நுனிப் பக்கம் வெள்ளையாகத் தெரிவது பொரிந்து போன வெற்று ஓடு. நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் இந்த 6 மில்லிமீட்டர் கறாரான கணக்கு அல்ல, கொஞ்சம் தள்ளியும் உயிருள்ளது இருக்கலாம்.

ஊர்ந்து போகும் ஒரு பேனையாவது கண்ணால் பார்த்த பிறகு மருந்தை எடுங்கள். வெற்று ஓட்டுக்கு மருந்து போடுவது வீண், குழந்தைக்கும் நல்லதில்லை.

படி 2: வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள்

எங்கள் வீட்டில் நான்கு தடவை திரும்பி வந்ததற்கு இன்னொரு காரணம் என் மாமியார். பேத்தி அவரோடுதான் ஒரே பாயில் படுப்பாள். அவர் தலையை யாரும் பார்க்கவில்லை. "ஆச்சிக்கு எங்கேருந்து பேன் வரும், நரைச்ச தலையில" என்று அவரே சிரித்தார். பார்த்தால் இருந்தது. நரைத்த முடியில் ஈர் கண்ணுக்குத் தெரியாது, சீப்பில்தான் வந்தது.

அப்பா, தம்பி, பாட்டி, கூடப் படுக்கும் சித்தி, யாரையும் விட வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கும் வரும், முடி குட்டையாக இருப்பதால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். பேன் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்க வேண்டும். ஒருவருக்கு இந்த வாரம், இன்னொருவருக்கு அடுத்த வாரம் என்றால் பேன் தலை மாறி உட்கார்ந்துகொள்ளும்.

படி 3: மருந்தா, சீப்பு மட்டுமா?

இரண்டு வழி இருக்கிறது. பெர்மெத்ரின் 1% உள்ள மருந்து போட்டு, கூடவே சீப்பால் வாருவது ஒன்று. மருந்தே இல்லாமல் ஈரத் தலையைச் சீப்பால் வாரி வாரியே ஒழிப்பது இன்னொன்று. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குப் பெர்மெத்ரின் கூடாது, சீப்பு மட்டும்தான். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தங்கள் தலைக்குப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்காமல் அட்டையைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று படியுங்கள். பெர்மெத்ரின் 5% க்ரீம் சொறி சிரங்குக்கானது, தலைக்கு வேண்டியது 1%. காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு, அதாவது லிண்டேன் இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் பேனுக்குத் தாராளமாகக் கொடுத்த மருந்து அது. நரம்பைத் தாக்கி வலிப்பு வரவழைக்கக்கூடியது என்று தெரிந்த பிறகு பல நாடுகள் கைவிட்டுவிட்டன.

ஐவர்மெக்டின் மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் எடைக்குத் தகுந்த அளவில் மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டியது அது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

படி 4: முதல் நாள், சனிக்கிழமை

சனிக்கிழமை தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று முதல் நாள் என்றால் அடுத்த வார ஞாயிறு சரியாக ஒன்பதாவது நாள். இரண்டு முக்கியமான நாளும் விடுமுறையில் வந்துவிடும், பரபரப்பு இருக்காது.

எண்ணெய் தேய்த்த தலையில் மருந்து போடாதீர்கள். வழக்கமான ஷாம்பூவால் எண்ணெய் போக அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம், அது முடியில் படிந்து மருந்தை ஒட்டவிடாது. துண்டால் துவட்டுங்கள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மருந்து நீர்த்துப்போகும், லேசான ஈரம் போதும். குழந்தையின் கையில் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்துக் கண்ணை மூடிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்தைத் தோலில் தொடங்கி முடி நுனி வரை நனையும்படி போடுங்கள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தாராளமாக.

10 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். அதிக நேரம் விட்டால் அதிகம் சாகும் என்று நினைத்து நான் ஒரு தடவை ஒரு மணி நேரம் விட்டேன். தலைத்தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். அலசும்போது குழந்தையை முன்பக்கமாகக் குனிய வைத்து, வெதுவெதுப்பைவிடக் குறைந்த சூட்டுத் தண்ணீரில் தலையை மட்டும் அலசுங்கள், மருந்துத் தண்ணீர் உடம்பில் வழிய வேண்டாம். அதற்கப்புறம் இரண்டு நாள் ஷாம்பூ, சீயக்காய், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை வாரிப் பாருங்கள். சில பேன்கள் உயிரோடு இருந்தும் தள்ளாடி மெதுவாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, இன்னொரு தடவை போட வேண்டாம். முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்தப் பேன்கள் பெர்மெத்ரினுக்குப் பழகிவிட்டவையாக இருக்கலாம், உலகம் முழுக்கவே இப்படி ஆகிவருகிறது. அதே மருந்தை இரண்டு மூன்று தடவை ஊற்றிப் பயனில்லை. மருத்துவரிடம் போய் வேறு மருந்து கேளுங்கள், அல்லது சீப்பு வழிக்கு மாறுங்கள்.

படி 5: சீப்பு

இருப்பதிலேயே முக்கியமான கருவி இதுதான். இஸ்ரேலில் லாகிஷ் என்ற பழைய நகரத்தை 2016இல் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த சின்னப் பேன் சீப்பு ஒன்று கிடைத்தது. சுமார் 3,700 வருஷம் பழையது. முடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் வேரோடு களையட்டும் என்ற பொருளில் அதில் பொறித்திருந்ததை 2022இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியங்களில் ஒன்று, பேனைப் பற்றியது! அதைப் படித்த அன்று எனக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது.

நம் ஊரிலும் ஈர்வலி, ஈர்கொல்லி என்று தனிக் கருவிகளே இருந்தன. இப்போது கடையில் கிடைக்கும் இருபக்கப் பிளாஸ்டிக் பேன் சீப்பு பேனை எடுக்கும், ஈரைப் பெரும்பாலும் விட்டுவிடும். பற்கள் வளையாத, நெருக்கமான, நீளப் பல் வைத்த ஸ்டீல் சீப்பு ஒன்று வாங்குங்கள்.

வாரும் முறை இது. தலையை ஈரமாக்கி கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். ஈரத்திலும் வழுவழுப்பிலும் பேனால் ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். மருந்து போட்ட முதல் இரண்டு நாள் மட்டும் கண்டிஷனர் இல்லாமல் வாருங்கள். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். முடியை நான்கு பாகமாகப் பிரித்து க்ளிப் போடுங்கள். ஒரு விரல் அகல முடியை எடுத்து, சீப்பின் பல் தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அதே முடியை மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு மூன்று தடவை வாரிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நீள முடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் ஏதோ ஒரு மூலையில் இரண்டு பேன் தப்பிவிடும், அந்த இரண்டு போதும்.

அவ்வளவு நேரம் பிள்ளை எப்படி உட்காரும்? என் மாமியார் அதற்கு வழி வைத்திருந்தார். "ஏ பிள்ளே, தலைய ஆட்டாம இரு, நரி கதை சொல்றேன்" என்பார். கதை முடியப்போகும் இடத்தில் நிறுத்திவிடுவார், மீதி அடுத்த வாரலுக்கு. புதன்கிழமை என் மகளே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கதை இல்லாத வீட்டில் பிடித்த பாட்டோ கார்ட்டூனோ வையுங்கள். இழுத்து வலிக்க வைத்துவிட்டு "அசையாதே" என்று அதட்டினால் அடுத்த தடவை அந்தக் குழந்தை ஒளிந்துகொள்ளும், நாள் கணக்கும் போய்விடும்.

படி 6: மீதி நாட்கள்

மருந்து வழியில் போகிறவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை வாரிக்கொண்டே இருங்கள். ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, தலையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மருந்தை இரண்டாம் தடவை அதே முறையில் போடுங்கள். "அதான் போயிருச்சே" என்று விட்டுவிடத் தோன்றும் நாள் இதுதான், நான் நான்கு தடவை விட்டதும் இந்த நாளைத்தான். அதற்குப் பிறகும் ஒரு வாரம் வாரிப் பாருங்கள்.

சீப்பு மட்டும் வழியில் 1, 5, 9, 13 ஆம் நாட்கள் முழுத் தலையையும் வார வேண்டும். சனியில் தொடங்கினால் சனி, புதன், ஞாயிறு, வியாழன் என்று வரும். 17ஆம் நாள் திங்கட்கிழமை கடைசியாக ஒரு தடவை பாருங்கள். அன்று ஒரு பேன்கூட வராவிட்டால் தலை சுத்தம். ஒன்று வந்தாலும் அதை முதல் நாளாக வைத்து மறுபடி தொடங்குங்கள்.

தலையில் போடக் கூடாதவை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பேனால் ஒரு குழந்தைக்கும் உயிர் ஆபத்து இல்லை, தலைப்பேன் நோய் எதையும் பரப்புவதும் இல்லை. ஆனால் பேனுக்கு வைத்தியம் என்று நாம் போடுவதில் ஆபத்து உண்டு.

சீதாப்பழ விதைப் பொடி. பேனைக் கொல்லும் என்பது உண்மைதான், அதனால்தான் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பொடி கொஞ்சம் கண்ணில் பட்டாலும் கருவிழியின் மேல்தோல் உரிந்துவிடும். வலியில் கண்ணைத் திறக்க முடியாமல் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் அலசி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் பல வீடுகளில் உண்டு. சூடம் சின்னக் குழந்தைகளுக்கு நஞ்சு. வாயில் போனால் கொஞ்சமே வலிப்பு வரவழைக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். எறும்புக்கும் கரப்பானுக்கும் கோடு போடும் சாக்பீஸ், கொசு மருந்து ஸ்ப்ரே, வயலுக்கு அடிக்கும் மருந்து, இவையெல்லாம் பூச்சிக்கொல்லி விஷம். நாய்க்குப் போடும் பேன் மருந்தும் அப்படித்தான்.

வேப்பிலை, துளசி, வெங்காயச் சாறு, எலுமிச்சை, வினிகர் பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் சொறிந்து புண்ணான தலையில் எரியும். அவற்றை நம்பி ஒன்பதாவது நாளைத் தள்ளிப் போடாதீர்கள். வெறும் தேங்காய் எண்ணெய் பேனை மந்தமாக்கி வாருவதை எளிதாக்கும், ஈரை ஒன்றும் செய்யாது. பேன் மூச்சை அடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே பிழைக்கக்கூடியது. எண்ணெய் தேய்த்துப் பிளாஸ்டிக் பையைக் கட்டித் தூங்க வைக்கச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. தூக்கத்தில் பை முகத்துக்கு வந்தால் குழந்தைக்கு மூச்சடைக்கும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

மொட்டை போட்டால் பேன் போகும்தான். நேர்த்திக்கடன் இருந்து கோயிலில் போடுவது வேறு. பேனுக்காக, அழும் ஒரு பெண் பிள்ளையைப் பிடித்து மழிக்க வேண்டிய அவசியம் இல்லவே இல்லை.

துணிமணி

இதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். கடைசி இரண்டு நாளில் தலை பட்ட தலையணை உறை, போர்வை, துண்டு, ரிப்பன் ஆகியவற்றை நல்ல சுடு தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சீப்புகளைச் சுடு தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். துவைக்க முடியாத பொம்மையையோ குல்லாவையோ பையில் கட்டி இரண்டு வாரம் ஓரமாக வைத்தால் போதும். வீடு முழுக்க மருந்து அடிப்பது தேவையில்லாதது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

சொறிந்த இடத்தில் நீர் கசிந்து மஞ்சள் பொருக்குத் தட்டினாலோ, சீழ் வைத்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ புண்ணில் கிருமி சேர்ந்திருக்கிறது. பேன் மருந்தை நிறுத்திவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். இமை முடியில் பேன் தெரிந்தால் நீங்களாக எதுவும் போடாதீர்கள், மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுச் சரியாகச் செய்தும் உயிருள்ள பேன் வந்தாலும் போங்கள்.

பள்ளிக்கூடம்

பேன் இருப்பதால் லீவு போட வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் சிகிச்சை தொடங்கிவிட்டு மறுநாள் அனுப்பலாம். ஈர் இருக்கிறது என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் வேண்டாம் என்றே சொல்கிறது. முடியை இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டி அனுப்புங்கள், பரவுவது குறையும்.

அழுக்குத் தலையில்தான் பேன் வரும், உடம்புச் சூட்டில் பேன் வரும், இரண்டும் தவறு. தினம் குளிக்கும் தலையிலும் வரும். மகளின் வகுப்பில் நெருங்கிய தோழிகள் நான்கு பேர். அவர்களின் அம்மாக்களுக்கு நான் போன் செய்து சொன்னேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. "எங்க வீட்டுலயும் இருக்கு, சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு" என்றார் ஒருவர். அடுத்த சனிக்கிழமை ஐந்து வீட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். டீச்சரிடமும் போய்ப் பேசினேன், திங்கட்கிழமை அவள் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.